வெள்ளிக்கிழமைக்குள்

வெள்ளிக்கிழமைக்குள் சொல்லச் சொன்னார்கள்.
பெங்களூரு, ஒயிட்ஃபீல்டு,
கண்ணாடிக் கட்டடத்தில் ஒரு ஆஸ்பத்திரி.
கீழ்த்தளத்தில் மேசை, கழுத்தில் அட்டை.
வங்காளத்திலிருந்து வருகிறவர்களை
அவர்கள் பேச்சிலேயே விசாரிக்க ஒரு ஆள் வேண்டும்.
மாதம் நாற்பத்தாறாயிரம்.

காந்தி ரோட்டுப் பின்சந்தில்
இந்த லாட்ஜில் எனக்குப் பதினெட்டு.
பதினோரு வருடம்.
அந்த மொழியை யாரும் சொல்லித் தரவில்லை.
வெந்நீர் பக்கெட் கேட்டவர்களிடமும்
ரிப்போர்ட் வந்த இரவில்
படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டவர்களிடமும்
பொறுக்கிக்கொண்டேன்.
கோதோ தின் தாக்பேன்?
எத்தனை நாள் தங்குவீர்கள்?
நான் கற்ற முதல் வாக்கியம் இது.
ஜலகண்டன் என்கிற என்னை
ஜொலொகொந்தோ-தா ஆக்கிவிட்டார்கள்.
திருத்தினால் இன்னும் மோசமாகிறது.

மரமில்லாத மலை, தண்ணியில்லாத ஆறு,
ராஜா இல்லாத கோட்டை.
ஊரின் பழைய கேலியை அவர்கள் மொழியில் சொல்லி
டீக்காசு வாங்கியிருக்கிறேன்.
‘சம்பளம் இல்லாத புருஷன்,
அதையும் சேத்துக்க’ என்பாள் ரேணுகா.
சிரித்துக்கொண்டுதான்.

கரண்ட் பில்லின் பின்பக்கம் அவள் போட்ட கணக்கு:
வாடகை பதினாறு.
அட்வான்ஸ் பத்து மாசம். பத்து மாசம் என்பதற்கு அடிக்கோடு.
ஸ்கூல் பீஸ், கேள்விக்குறி.
கஸ்பா அங்கன்வாடியில் அவள் வாங்குவது, அடித்தல்.
அதை மட்டும்
பேனா எழுதவில்லை என்பதுபோல
நாலைந்து முறை இழுத்திருந்தாள்.
மிச்சம் என்று எழுதி
எதிரே ஒன்றும் எழுதவில்லை.

‘மொதல்ல நீ மட்டும் போ மாமா,
சனிக்கெழம சனிக்கெழம வந்துடு.
காட்பாடில இருந்து இன்னா, மூணு மணி நேரம்.’
மைத்துனன் ஒரே மூச்சில் தீர்த்துவிட்டான்.
எனக்கு அந்த ஆண்களைத் தெரியும்.
ஏழாம் அறை, பன்னிரண்டாம் அறை.
தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவே போனை இடுக்கி
சட்டைக்குச் சோப்பு போட்டபடி
கேயேச்சோ? கேயேச்சோ? என்பவர்கள்.
சாப்பிட்டாயா என்பதைத் தவிர
கேட்க வேறொன்றும் மிஞ்சாதவர்கள்.

மோகனா ஒன்பதாவது.
‘அங்க கோ-கோ டீம் கீதாப்பா?’
தெரியாது என்றேன்.
‘கேட்டுட்டு சொல்லு.’
ஷூவை மாடிப்படியில் காய வைத்துவிட்டுப் போனாள்.
ஹெச்.ஆர். பெண்ணிடம்
பி.எஃப். கேட்டேன், நைட் ஷிப்ட் கேட்டேன்,
யூனிஃபார்ம் காசு யாருடையது என்றுகூடக் கேட்டேன்.
இதைக் கேட்க வெட்கமாக இருந்தது.

பதினான்காம் அறை நிர்மல்பாபு
பதினைந்து நாளைக்கென்று மால்தாவிலிருந்து வந்தவர்.
ஐந்து மாதமாகிறது.
மொட்டை மாடியில் பெயின்ட் டப்பாவில்
மிளகாய்ச் செடி, காய்க்கிறது.
மனைவிக்கு டயாலிசிஸ் இல்லாத நாளில்
மூன்று மாடிக்கும் கடுகெண்ணெய் வாசம்.
கிளம்புவதென்று எப்படி முடிவெடுத்தீர்கள் என்றேன்.
மீனைத் திருப்பிப் போட்டார்.
‘முடிவா? வெயிட்டிங் லிஸ்ட் முப்பத்தொண்ணு.
ராத்திரி கன்ஃபர்ம் ஆச்சு. ஏறிட்டோம்.’
அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு,
‘நீ எங்க போற தாதா?’
செடிக்குத் தண்ணீர் ஊற்றினாரா என்று கேட்டேன்.

வியாழன் இரவு
ரிஜிஸ்டரை மூடிவிட்டுக்
கொசப்பேட்டை வர பத்தரை.
குழாயில் தண்ணீர் வந்து போயிருந்தது.
குடங்கள் எல்லாம் நிறைந்து நின்றன.
சமையலறை மூலையில்,
ஆரணிப் பொன்னி இருபத்தாறு கிலோ மூட்டை
எப்போதும் உட்கார்ந்திருக்கும் இடத்தில்
ஐந்து கிலோ பை ஒன்று
தானாக நிற்கத் தெரியாமல்
சுவரில் சரிந்திருந்தது.

கடையில் மூட்டை இல்லையா எனக் கேட்டிருக்கலாம்.
நான் அதைப் பார்ப்பதை அவள் பார்த்தாள்.
தட்டை எடுத்து வைத்தாள்.
‘சோறு போதுமா?’
‘இன்னும் கொஞ்சம் போடு’ என்றேன்.